யஷ்வந்தின் கையெழுத்து

சீ, என்ன பொம்பளை இவள் என்று செண்பகவல்லி முகத்தைத் திருப்பினாள். முகம் திரும்பியதே தவிர கண் திரும்பவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் ஒருத்தி டிபன் பாக்ஸை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தடிப்பயலுக்குத் தயிர்சாதத்தை உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். பயலுக்கு மீசை அரும்பி, அதை நாலைந்து தடவை மழித்தும் இருப்பான் போல. கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கியது. அவன் பாட்டுக்குப் போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். கை கிட்டே வந்தால் வாய் தானாகத் திறந்தது, உருண்டை உள்ளே போனால் மூடியது. என்ன சாப்பிடுகிறோம், யார் ஊட்டுகிறார்கள் என்கிற நினைப்பே அந்த மூஞ்சியில் இல்லை. கடைவாயில் ஒழுகின தயிரை அந்த அம்மா கட்டைவிரலால் வழித்தாள், வழித்ததைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். காலையில் சாத்தூரில் பஸ் நின்றபோது குடித்த டீ செண்பகவல்லிக்குத் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. பதினெட்டு வயசுப் பிள்ளையின் எச்சில். நாலு பேர் நடமாடுகிற இடம், பொம்பளைப் பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறார்கள், இதுகளுக்கு வெட்கம் மானம் ஏதாவது உண்டா? மணி பதினொன்று. இரண்டாவது மாடி நடைபாதையின் கடைசியில் இயற்பியல் துறைத்தலைவரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவளுடைய மகன் யஷ்வந்த், முதலாம் ஆண்டு, நிற்கிறானோ உட்காரச் சொன்னார்களோ தெரியவில்லை. அவன் உள்ளே போகும்போது அவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாற்பத்தாறு வயசு, மூட்டுவலி, கழுத்தில் தாலிக்கொடி, கையில் துணிப்பை, அதோடு தூணுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாமூச்சி. வரவே கூடாது என்று அவன் சொல்லியிருந்தான்.

தொடங்கியது பரீட்சைத்தாளில். இரண்டாவது உள்தேர்வில் யஷ்வந்துக்கு இயற்பியலில் எண்பத்தொன்று. வகுப்பில் வாயே திறக்காதவனுக்கு எண்பத்தொன்றா என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேகலா மேடத்துக்கு உறுத்தியிருக்கிறது. விடைத்தாளையும் அவனுடைய ரெக்கார்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறாள். ரெக்கார்டில் அச்சுக் கோத்த மாதிரி எழுத்து, விடைத்தாளில் கோழி கிண்டின மாதிரி. சந்தேகம் தீர ஆபீஸிலிருந்து அவனுடைய கோப்பை வரவழைத்திருக்கிறாள். சேர்க்கை விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், ராகிங் செய்யமாட்டேன் என்கிற உறுதிமொழி, காய்ச்சல் லீவ் லெட்டர், எல்லாம் ரெக்கார்டில் இருக்கிற அதே அச்சு எழுத்து. அடியில் யஷ்வந்த் என்று போட்டிருக்கிற கையெழுத்தும் அதே கைதான். பரீட்சைத்தாள் ஒன்றுதான் வேறு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்லுவார்கள், பரீட்சையை வேறு எவனோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ஆள்மாறாட்டம். பல்கலைக்கழகக் கமிட்டிக்குப் போனால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சைப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், ஒன்று மட்டும்தான் அவன் எழுதினது, மற்றதெல்லாம் அவனைப் பெற்றவள் எழுதினது என்று. எப்படித் தோன்றும், மனுஷனுக்குத் தோன்றுகிற காரியமா அது? அதைச் சொல்லத்தான் அவள் விடியக்காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறினாள். "சார், ரெக்கார்டு எழுதினது நான்தான், பரீட்சை அவன்தான் எழுதினான்." சாத்தூர் வரைக்கும் சொல்லிப் பார்த்தாள், விருதுநகர் வரைக்கும் சொல்லிப் பார்த்தாள், பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரிப் பார்க்கவும் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வரிதான். கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு வரியைச் சொன்னால் பிள்ளை பிழைத்தான். ஆனால் போனில் அவன் சொன்னதும் ஒரு வரிதான். நீ வந்தேன்னா எனக்கு இந்தக் காலேஜே வேண்டாம், நான் எங்கயாவது போயிருவேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள்.

நடைபாதை நெடுக இன்னும் மூன்று நாலு பெற்றோர். இன்றைக்கு என்ன விசேஷமோ, கல்லூரியா கல்யாண மண்டபமா என்று தெரியவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு அப்பா, சட்டைப்பையில் மூன்று பேனா, மகளுடைய ஃபைலைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளார்க்கிடம் பேசுகிறார். எங்களுக்கு நாளைக்கு செமினார் இருக்கு, எங்களுக்கு லேப் மாத்தணும் என்கிறார். எங்களுக்காம். மகள் பக்கத்தில் நின்று நகத்தைக் கடிக்கிறது. கிளார்க் பிள்ளையைப் பார்த்து உன் பேர் என்னம்மா என்று கேட்டால் அப்பா சொல்கிறார் பேரை. தூ! வாட்ஸ்அப்பில் இருக்கிறதே முதலாம் ஆண்டு பெற்றோர் குழு, அதில் இவரும் ஒருவராகத்தான் இருப்பார். காலையில் கண் விழித்தால் இருநூறு செய்தி. இன்று விடுதியில் பொங்கலில் மிளகு அதிகம், நிர்வாகம் கவனிக்குமா. என் மகனுக்கு மேல்படுக்கை கொடுத்திருக்கிறார்கள், அவனுக்கு உயரம் என்றால் பயம். நாளைக்கு எந்த நிறச் சட்டை, யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ். ஒருத்தி தன் மகளுக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று முன்னூறு பேருக்குத் தெரிய எழுதியிருந்தாள், அதற்குப் பதினேழு பேர் கைவைத்தியம் சொன்னார்கள். செண்பகவல்லி படித்துவிட்டுச் சீச்சீ என்று போனைக் குப்புறக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு? கவிழ்த்துவிட்டு அரைமணி நேரத்தில் எடுத்து அவனைக் கூப்பிட்டு, தங்கம், காலைல போனியாப்பா என்று கேட்டாளா இல்லையா? கேட்டாள். குழுவில் எழுதவில்லை, அதுதான் வித்தியாசம், பெரிய வித்தியாசம். தினமும் ஐந்தே முக்காலுக்குப் போன் போட்டு அவனை எழுப்புகிறது யார்? கடையில் நின்றுகொண்டு எந்த ஷாம்பு வாங்கட்டும் என்று அவன் வீடியோவில் காட்டினால், அதில்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது என்று அடுப்படியிலிருந்து சொல்கிறது யார்? ஆரஞ்சுச் சுளையில் வெள்ளை நாரைக் கூட நீக்கி டப்பாவில் அடுக்கிக் கொடுத்தவள், பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் பிதுக்கி வைத்தவள். பிதுக்கினது பட்டாணி அளவு, கூடினால் அவனுக்கு எரியும். தயிர்சாதக்காரியைச் சொல்ல வந்துவிட்டாள்.

ஆனாலும் எச்சிலை வாயில் வைக்கவில்லையே என்று உடனே ஒரு சமாதானம் வந்தது, வந்த வேகத்தில் அதுவும் கசந்தது. நாலாம் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம். காப்பி எழுதும் நோட்டு, ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதவேண்டும், மூன்றாவது வரியில் பிள்ளை கை வலிக்குதும்மா என்று அழுதான். சாயங்காலம் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. கொண்டா இங்க என்று வாங்கினாள். அவனுடைய எழுத்து மாதிரியே சாய்த்து, கோணலாக, 'ழ'வின் சுழி தவறி, மிச்ச ஏழு வரியையும் எழுதிவிட்டாள். டீச்சர் டிக் போட்டு அனுப்பினாள். அவ்வளவுதானே, ஒரு நாள்தானே. ஒரு நாள் இரண்டு நாளாகி, இரண்டு வாரமாகி, அப்புறம் அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. கோணலை ஒரேயடியாக நிமிர்த்தினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவாள். மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால்? ஆறாம் வகுப்பு அரையாண்டுக்குள் யஷ்வந்தின் கையெழுத்து முத்து முத்தாகிவிட்டது. வீட்டுப்பாடத்தில் மட்டும்தான் இந்த முத்து, பரீட்சையில் அவசரத்தில் கிறுக்குகிறான் என்று டீச்சரே காரணமும் சொல்லிக்கொண்டாள். ஆண்டுவிழாவில் சுத்தமான நோட்டுக்கு என்று பையனைக் கூப்பிட்டு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா பரிசு கொடுத்தார்கள். ஏழாவது வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினது யாருக்கு? இப்போது நினைத்தால் காதுமடல் சூடாகிறது. அவனுக்கென்று நினைத்துத் தட்டவில்லை. அவள் புருஷன் கண்ணபிரான் அன்றைக்கே சொன்னான், டயர் கடையில் வேலை பார்க்கிற மனுஷன், அதிகம் பேசமாட்டான். அவனுக்குப் பதிலா நீயே போய்ப் பரிசை வாங்கியிருக்கலாமே என்றான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. உங்களுக்கென்ன தெரியும், காலங்காத்தால போயி ராத்திரி வாரீங்க, பிள்ளை வளர்க்கிற பாடு எனக்குல்ல தெரியும் என்றாள். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிப்ப ஒருநாள் என்றான். இன்றைக்குப் பஸ் ஏறும்போது அவன் வாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கூட வரட்டுமா என்றுதான் கேட்டான். அவள்தான் வேண்டாம் என்றாள்.

கதவுக்கு மேலே வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த இடுக்கு வழியாகத் துறைத்தலைவரின் குரல் கொஞ்சம் வந்தது, வார்த்தை பிடிபடவில்லை. எழுது என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் சத்தமே இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் போல. எந்தப் பேனா கொண்டுபோனான், அந்த நீல ஜெல் பேனா என்றால் மக்கர் பண்ணுமே என்று மனசு போனது, போன மனசை இழுத்து ஒரு அறை விட்டால் என்ன என்று இருந்தது. அந்த ரெக்கார்டு. பன்னிரண்டு சோதனை. அவன் லேப்பில் குறித்த கணக்கையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவான், அவள் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துடைத்ததன்மேல் ஒரு துண்டை விரித்து உட்காருவாள். இடப்பக்கம் கோடு போடாத தாள், படத்துக்கு. வலப்பக்கம் கோடு போட்ட தாள், எழுத்துக்கு. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. பென்சிலைச் சீவிச் சீவிக் கூராக்கி நிறமாலைமானியை வரைந்தாளே, அந்தக் குழாய், அந்த முப்பட்டகம், பொடிப் பொடியாக அளவுக்கோடு, அழித்து அழித்து மூன்று நாள். கூரியரில் முறுக்கோடு அனுப்பிவைத்தாள். சிவப்பு மையில் வெரி குட் என்று எழுதித் திரும்பி வந்தது, அதை அவன் போட்டோ எடுத்து அனுப்பினான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம் செய்து கொடுத்தார்கள் அவளை. கல்லூரி வாசலைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததுதான். அந்த வெரி குட்டை எத்தனை தடவை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் என்று அந்தப் போனைக் கேட்டால் சொல்லும். ஆகக் கூடி, பிள்ளைக்குக் கை வலிக்கும் என்பதெல்லாம் சும்மா. அவளுக்கு ஆசை. அவளுக்குப் படம் வரைய ஆசை, சிவப்பு மை வாங்க ஆசை, அந்தப் பயலைத் தள்ளி வைத்துவிட்டு அவன் பெயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாவம், அவன் அனுப்பாத நாளில் கூட இவள்தான் கேட்டாள். இந்த வாரம் சோதனை இல்லையா? ஏன் இன்னும் அனுப்பலை? அவன் ஒருதரம் சொன்னான், இதை நானே எழுதிப் பாக்கட்டுமாம்மா. நல்லா நினைவிருக்கிறது, எட்டாவது சோதனை. நடுவுல கையெழுத்து மாறினா சந்தேகப்படுவாங்க கண்ணு, அடுத்த வருஷத்துல இருந்து எழுதலாம் என்று சொன்னாள். சொன்ன வாயைத் தைக்கவேண்டும்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அதன் கிட்டே போகும்போதெல்லாம் மனசு வேறு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது, நாற்காலியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைப் பார்த்தது, பஸ் டிக்கெட்டைத் தேடியது, தயிர்சாதக்காரியின் ஜாக்கெட் தையலைப் பார்த்தது. போன வாரம் அவன் விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்பினானே, இதுக்குத்தாம்மா பிரச்சனை என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். பார்த்தவள் என்ன கேட்டாள்? யாரோட எழுத்துடா இது? என்னோடதுதாம்மா என்றான். அவள் விட்டாளா, அதோடு விட்டாளா? நிஜமாச் சொல்லு தங்கம், பரீட்சை நீதான எழுதின, வேற யாரையும் உட்கார வைக்கலையே, அம்மாகிட்ட மறைக்காத என்றாள். சொந்தப் பிள்ளையின் எழுத்து. ஒன்பது வருஷமாக அவனுடைய கையெழுத்தைப் பார்த்ததில்லை அவள். ரிப்போர்ட் கார்டில் மார்க்கைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலைப் பார்த்தாள், குளித்து வந்தால் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை இருக்கிறதா என்று பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. அந்த எண்பத்தொன்று அவனுடையது. யாரும் பக்கத்தில் உட்காராமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நாயாய் அலைந்து அவனே படித்து அவனே எழுதி வாங்கின முதல் மார்க். கல்லூரிக்காரன் நம்பவில்லை என்றால் அவனுக்கு என்ன தெரியும், அந்நியன். பெற்றவளும் அல்லவா நம்பவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மோந்துபார்த்தாள். பஸ்ஸுக்காகக் கொண்டுவந்தது.

தயிர்சாதக்காரி டப்பாவை மூடிக்கொண்டு, மகனுடைய வாயைத் துடைத்துவிட்டு, இவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். உங்க பிள்ளை எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டாள். செண்பகவல்லி கேட்காத மாதிரி இருந்தாள். அவள் விடுகிற மாதிரித் தெரியவில்லை. காரியாபட்டியிலிருந்து வருகிறாளாம், வாரத்துக்கு இரண்டு நாள் வந்துவிடுவாளாம், விடுதிச் சோறு இவனுக்கு இறங்கவே இறங்காதாம், வீட்டுக்காரர் சத்தம் போடுவாராம். இறங்காதது யாருக்கு என்று செண்பகவல்லிக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. "நம்ம இல்லாட்டி இதுங்க என்ன செய்யும் சொல்லுங்க, நம்மளை மாதிரித் தாய்மாருதான் இதுங்களுக்கு எல்லாம்," என்று அவள் கை நீட்டி இவளுடைய முழங்கையைத் தொட்டாள். தொட்ட கையில் தயிர் வாசனை. நம்மளை மாதிரியாம். செண்பகவல்லி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு புடவையில் துடைத்தாள், அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்காய் கூடச் சிறகு முளைத்தால் கொத்தித் துரத்திவிடும், அதற்கு இருக்கிற புத்தி நமக்கில்லை என்று சொல்லலாமா என்று இருந்தது. சொல்லத் தகுதி வேண்டாமா? மணி அடித்தது, பயல் எழுந்தான், போனைப் பார்த்தபடியே நடந்தான், அந்தப் பெண் அவனுடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே படி இறங்கிப் போனாள். போய்த்தொலைந்தாள் என்று நிம்மதியாக இருந்தது. நடைபாதை காலியானது.

காலியானதும் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. துறைத்தலைவர் தாளைப் புரட்டுகிறார். மேகலா மேடம் ஏதோ சொல்கிறாள். சரி, இந்த எழுத்தும் பரீட்சை எழுத்தும் ஒண்ணுதான், சுழி எல்லாம் அப்படியே இருக்கு என்கிறார் அவர். கேள்வி கேட்டதுக்கும் பதில் சொல்லிட்டான், பரீட்சை இவன்தான் எழுதியிருக்கான். செண்பகவல்லிக்கு மூச்சு வந்தது, ஆண்டவனே செண்பகவல்லித் தாயே என்று தன் பெயர்கொண்ட தெய்வத்தையே கூப்பிட்டாள். இனி உள்ளே போகலாம், சொல்லிவிடலாம், எல்லாம் முடிந்தது என்று எழுந்தும் விட்டாள். அப்போது அவர் கேட்டார், அப்ப ரெக்கார்டு யார் எழுதினது? யஷ்வந்தின் குரல் வந்தது. "வெளிய குடுத்து எழுதி வாங்கினேன் சார்." அவள் நின்ற இடத்தில் நின்றாள். ஜெராக்ஸ் கடையில் ஒருத்தர் எழுதிக் கொடுப்பார், முகம் சரியாகத் தெரியாது என்றான். அப்ளிகேஷனும் அதே ஆள்தானா என்று கேட்டார் அவர். ஆமாம் என்றான், அட்மிஷன் அப்ப அந்தக் கடையிலதான் சார் எழுதினோம். மேகலா மேடம் சிரித்தாள், நான் உங்கம்மாவாத்தான் இருக்கும்னு நினைச்சேன், இந்தக் காலத்துல அப்படியும் நடக்குது என்றாள். அதற்கு அவன் கொஞ்சம்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது மேடம். அவங்க படிக்கல," என்றான்.

படிக்கல. ஒரு சொல். அவள் மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தாள், நாற்காலி கிறீச்சிட்டது, சத்தம் கேட்டிருக்குமோ என்று பயந்தாள். பிள்ளை பொய் சொல்கிறான். சரளமாகச் சொல்கிறான். யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை, அவனே யோசித்து, அவனே ஜோடித்து, அவனே சொல்கிறான். காசு கொடுத்து ஏமாற்றினவன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, அம்மா எழுதிக்கொடுத்த பிள்ளை என்று பெயர் வாங்கமாட்டானாம். திருட்டுப் பட்டம் அவனுக்கு இனிக்கிறது, இவள் கசக்கிறாள். கசக்கத்தான் செய்யும். அவள் அந்தப் பெண் தொட்ட கையை எப்படி உதறினாளோ அப்படித்தானே அவனும் உதறுகிறான் என்று தோன்றியது, தோன்றினதும் அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது, யார்மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. உள்ளே தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டும் ரத்து. இரண்டு வாரத்தில் பன்னிரண்டையும் ஆய்வகத்திலேயே, மேடம் கண் முன்னால், அவன் கையாலேயே எழுதி முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. சின்னப் பையன்னு கமிட்டிக்கு எழுதாம விடுறேன் என்றார். ஆனா நீ இப்பச் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்னு தெரிஞ்சாலும் அப்புறம் நான் கேக்கமாட்டேன், ஃபைல் நேரே கமிட்டிக்குத்தான் போகும். சரி சார் என்றான் யஷ்வந்த். விருதுநகர் வரைக்கும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்த உண்மை இனி யாருக்கு வேண்டும்? சொன்னால் பிள்ளை கெட்டான். எழுந்து போய்விடவேண்டும், இப்போதே, இந்த நொடியே, படி இறங்கிக் கீழே போய் வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொள்ளவேண்டும். போகத்தான் நினைத்தாள். ஆனால் இரண்டு வாரத்தில் பன்னிரண்டு என்றால் நாளைக்கு ஒன்று வீதம் முடித்தாலும் கணக்கு சரிதான், படத்துக்குத்தான் நேரம் பிடிக்கும், நிறமாலைமானியை அவனால் வரைய முடியுமா, பென்சிலைக் கூராகச் சீவக்கூடத் தெரியாதே என்று அவளுடைய மனசு பாட்டுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தது. அந்த மூன்று நிமிஷம் அப்படித்தான் போனது. மூட்டும் சட்டென்று எழ விடவில்லை.

கதவு திறந்துவிட்டது. முதலில் துறைத்தலைவர் வந்தார், வழுக்கை, கக்கத்தில் கோப்பு. பின்னால் மேகலா மேடம், இவ்வளவு சின்னப் பெண்ணா. அவளுக்குப் பின்னால் யஷ்வந்த். இளைத்திருந்தான், காலர் அழுக்கு. அம்மாவைக் கண்டதும் கதவு நிலையிலேயே நின்றுவிட்டான். துறைத்தலைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவளுடைய பையைப் பார்த்தார், அப்புறம் பின்னால் திரும்பி அவனைப் பார்த்தார்.

"யாருப்பா, உங்கம்மாவா?"

யஷ்வந்த் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கேட்டது அந்தப் பார்வை. உள்ளே அத்தனை பொய்யையும் தானே ஜோடித்துச் சொன்ன பிள்ளை, இந்த ஒன்றுக்கு அவளிடம் வந்து நின்றான். செண்பகவல்லி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி அவளிடம்தான் வரும், ரெக்கார்டைப் பற்றி. சொல்லாமல் இருந்துவிடலாம், அவனே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். நிமிர்ந்தாள். தலையை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைத்தாள்.

"இல்ல சார்," என்றான் யஷ்வந்த்.

குரல் பிசிறவில்லை, கண் சிமிட்டவில்லை. எவ்வளவு திருத்தமாகச் சொல்லிவிட்டது பிள்ளை என்று அவளுக்கு நெஞ்சுக்குள் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. வந்தது பெருமைதான் என்று தெரிந்ததும், தன் மூஞ்சியில் தானே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

"அப்ப நீங்க யாரும்மா?" என்று துறைத்தலைவர் கேட்டார். மேகலா மேடமும் கேட்கிற முகத்தோடு நின்றாள். அவர்களுக்கு நடுவில் யஷ்வந்தும், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர்களைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றான்.